முதுகுக்குப் பின்னால் ஒரு மோட்டார்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் கார்களுக்கு மின்வேலையும் இருக்கை வேலையும் செய்துவருகிறேன். தொழிற்சாலையில் இல்லாமல் வந்த கார் இருக்கையில், மோட்டாரால் இயங்கும் இடுப்புத் தாங்கியைப் பிற்பாடு பொருத்துவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். உதிரி பாகக் கடையில் லம்பார் சப்போர்ட் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

நம் வட்டாரத்தில் இதற்கு ஏன் இவ்வளவு தேவை என்று யோசிக்க வேண்டியதில்லை. பிழைப்பு சென்னையில், வீடு கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ. முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி என்று எதற்கு வந்தாலும் ஒரு வழிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். வந்த மறுநாள், இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் பார்த்துவிட்டு வருவோம் என்று வீட்டில் சொல்வார்கள். இரவெல்லாம் ஓட்டி வந்தவர் அன்றைக்கும் ஏறி இறங்கி ஓட்டுவார். திரும்பிப் போகும் முன் பட்டறைக்கு வந்து, “இந்த சீட்டுக்கு ஏதாவது செய்ய முடியுமா தம்பி?” என்று கேட்பார்.

முடியும். முதலில் முதுகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் இருக்கின்றன. நிமிர்ந்து நிற்கும்போது அந்தப் பகுதி உள்நோக்கி வளைந்திருக்கும். உட்கார்ந்ததும் இடுப்பு பின்னால் சரிய, அந்த வளைவு தட்டையாகிவிடும். ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதர்களின் முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டுக்குள் ஊசியைச் செலுத்தி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தார். சாய்மானமில்லாமல் உட்காரும்போது, நிற்கும்போது இருப்பதைவிட அழுத்தம் கூடுவதை அவருடைய அளவுகள் காட்டின. சாய்மானத்தைப் பின்னால் சாய்த்து, இடுப்புக்குத் தாங்கல் கொடுத்தால் அது குறைகிறது என்பதும் 1970களில் அங்கே நடந்த ஆய்வுகளில் தெரிந்தது.

இதை நம் பெரியவர்கள் ஊசி போடாமலே அறிந்திருந்தார்கள். முகப்பில் கணக்கெழுத உட்காருகிறவர் திண்டை எங்கே வைத்துக்கொள்வார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தோளுக்கு வைக்க மாட்டார். வேட்டிக் கட்டுக்குச் சற்று மேலே, இடுப்போடு நெருக்கி வைத்துக்கொள்வார். கார் இருக்கையிலும் தாங்கி வர வேண்டிய இடம் அதுதான்.

நான் இன்று சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மோட்டார் வாங்குவது இந்த வேலையில் மிகச் சிறிய பங்கு. அது முதுகில் எந்த உயரத்தில் தொடுகிறது, அதற்குப் போகும் ஒயர் இருக்கைக்கு அடியில் எந்த வழியில் போகிறது, இந்த இரண்டும்தான் வேலை. இரண்டில் எது தவறினாலும் பணம் கொடுத்துத் துன்பத்தை வாங்கியதாகிவிடும்.

உயரத்தைப் பார்ப்போம். பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்துவிடுங்கள். அது ஒரு பக்க இடுப்பைத் தூக்கிவிடும். பிறகு எந்தத் தாங்கி வைத்தும் பயனில்லை. இடுப்பு சாய்மானத்தை முட்டும்வரை பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். சாய்மானம் 100 முதல் 110 பாகைக்குள் இருக்கட்டும். இப்போது புறங்கையை இடுப்புக்குப் பின்னால் செலுத்திப் பாருங்கள். எங்கே இடைவெளி அதிகமோ, அங்கே சாய்மானத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது, ஆள் உட்கார்ந்து அமுங்கிய இருக்கைக்கு மேலே 15 முதல் 25 சென்டிமீட்டருக்குள் வரும். வண்டியை யார் அதிகம் ஓட்டுகிறாரோ அவர் உட்கார்ந்துதான் இந்தக் கோட்டைப் போட வேண்டும். உயரமான மகன் ஓட்டும் வண்டிக்கு அப்பா வந்து உட்கார்ந்து அளவு கொடுத்தால், தாங்கி மகனுடைய இடுப்பெலும்பைத்தான் குத்தும்.

தாங்கிகளில் இரண்டு வகை. ஒன்றில், சாய்மானச் சட்டத்துக்குள் கம்பியால் ஆன ஒரு கூடையோ தகடோ இருக்கும். சிறிய மோட்டார் ஒரு கேபிளை இழுக்க, அது வில்லாக வளைந்து முன்னால் வரும். இன்னொன்றில் ரப்பர் பை. சிறிய பம்ப் காற்றை நிரப்பும், வால்வு திறந்தால் காற்று வெளியேறும். கம்பி வகை உறுதியானது, ஆனால் சட்டத்தில் அதற்கு இடம் வேண்டும். காற்றுப் பை எந்த இருக்கையிலும் ஃபோமுக்குப் பின்னால் அமர்ந்துவிடும். வருடங்கள் போனால் குழாய் இணைப்பில் காற்றுக் கசியலாம். முன்னும் பின்னும் மட்டும் நகர்வதற்கு ஒரு மோட்டார் போதும். மேலும் கீழும் நகர வேண்டுமென்றால் இன்னொன்று சேரும். ஒரே வண்டியை அப்பாவும் மகனும் ஓட்டும் வீட்டில், கூடுதல் செலவானாலும் இரண்டு மோட்டார் உள்ளதையே வாங்கச் சொல்வேன்.

இதே கார் மாடலின் உயர்ந்த ரகத்தில் இந்த வசதி இருந்தால், உடைத்த வண்டிகளின் பாகங்கள் விற்கும் இடத்தில் அதன் சாய்மானச் சட்டத்தைத் தேடுவது நல்ல வழி. ஆனால் அதிலுள்ள ஸ்விட்ச் மோட்டாருக்கு நேராகப் போகிறதா, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெட்டி வழியாகப் போகும் ஸ்விட்ச், ஒரு சைகையை மட்டும்தான் அனுப்பும். மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தைச் சுமக்காது. அப்படியானால் அதை விட்டுவிட்டு வேறு ஸ்விட்ச் போடுவதுதான் எளிது.

இனி ஒயரிங். கையில் காகிதமும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பி வகையின் மோட்டாருக்கு இரண்டு ஒயர்கள்தான். ஒன்றில் பிளஸ், மற்றொன்றில் மைனஸ் கொடுத்தால் தாங்கி முன்னே வரும். மாற்றிக் கொடுத்தால் பின்னே போகும். ஆகவே மின்சாரத்தின் திசையை மாற்றிக் கொடுக்கும் ஸ்விட்ச் வேண்டும். ஆறு முனைகள் உள்ளதாக, விரலை எடுத்ததும் தானாக நடுவுக்குத் திரும்புவதாக வாங்குங்கள். ஸ்விட்சைத் திருப்பிப் பார்த்தால் மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு முனை. நடு வரிசையின் இரண்டும் மோட்டாருக்கு. மேல் வரிசையில் இடது பிளஸ், வலது மைனஸ். கீழ் வரிசையில் இடது மைனஸ், வலது பிளஸ். அதாவது மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் குறுக்காக இரண்டு சிறு ஒயர்களால் இணைத்தால் போதும். படத்தை வரைந்துவிட்டீர்களென்றால் வேலையில் பாதி முடிந்தது. காற்றுப் பைக்கு இந்தப் படம் பொருந்தாது. அதோடு வரும் ஸ்விட்சையே பயன்படுத்துங்கள்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது? தொழிற்சாலை இருக்கைகளில் பெரும்பாலும் பேட்டரியிலிருந்து எப்போதும் சப்ளை இருக்கும். நம் ஊருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இங்கே பல கார்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் வாரக்கணக்கில் கிடக்கின்றன. வெளிச்சம் எரியும் ஸ்விட்ச் ஒன்று போட்டுவிட்டால், அது இரவும் பகலும் பேட்டரியை உறிஞ்சும். ஈய அமிலப் பேட்டரி காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. பேட்டரிகளை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், ஷெட்டில் கிடந்தே பேட்டரி சாவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அதனால் ஒரு ரிலே வையுங்கள். சாவி வழியே வரும் சிறு மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச் அது; அதன் முனைகளில் எண் போட்டிருக்கும். 30 என்ற முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக சப்ளை. 87-லிருந்து ஸ்விட்சுக்கு. 86-க்கு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒயர். 85 பாடி எர்த், அதாவது காரின் தகரத்துக்கு. சாவியை எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும்.

ஃபியூஸ் பேட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும். அது காப்பது மோட்டாரை அல்ல, ஒயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் உள்ள ஒயர் எங்காவது உரசித் தகரத்தைத் தொட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. ஆகவே அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. இந்த அளவு மோட்டாருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 10 ஆம்பியர் ஃபியூஸும் போதும். மோட்டாரோடு வரும் குறிப்பில் வேறு அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள். வீட்டு வேலையில் மிஞ்சிய ஒயரைக் கொண்டுவராதீர்கள். அதில் இழைகள் தடிமன், அதிர்வில் முறியும். கார்களுக்கென்று விற்கும் ஒயரில் மெல்லிய இழைகள் நிறைய இருக்கும், அதன் உறை என்ஜின் வெப்பத்தையும் தாங்கும்.

சென்ற கோடையில் ஒரு கார் கருகல் வாடையோடு பட்டறைக்கு வந்தது. வேறொரு இடத்தில் இடுப்புத் தாங்கி பொருத்தியிருந்தார்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் ஒரு ஒயரை இழுத்து, இருக்கை நகரும் தண்டவாளத்தின் மேலேயே விட்டிருந்தார்கள். இருக்கை முன்னும் பின்னும் நகர நகர, தண்டவாள விளிம்பு உறையை அறுத்துவிட்டது. தரைவிரிப்பில் உள்ளங்கை அளவுக்குக் கருகியிருந்தது. வண்டி நின்றிருந்தபோது புகை வந்ததால் பிழைத்தார்கள். பின்னிருக்கையில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்க, இரவில் விராலிமலை தாண்டி வரும்போது நடந்திருந்தால்? இந்த உரையை ஒப்புக்கொண்டதே அந்தக் காரை நினைத்துத்தான்.

ஒயரை இருக்கைச் சட்டத்தோடு கட்டுங்கள். தரையிலிருந்து இருக்கைக்கு ஏறும் இடத்தில், இருக்கை கடைசிவரை முன்னே போனாலும் இழுபடாத அளவு தொய்வு விட்டு, நெளிவுக் குழாய்க்குள் செலுத்துங்கள். எலி இருக்கும் ஷெட்டுகளில் இந்தக் குழாய் இன்னும் அவசியம். இணைப்புகளைப் பற்றுக்குறடால் கிரிம்ப் செய்து, அதாவது உலோக முனைக்குள் ஒயரை வைத்து நசுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் உறை போடுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் நம் சித்திரை வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும்.

அடுத்துச் சொல்வதை எல்லாவற்றையும்விட கவனமாகக் கேளுங்கள். முன்னிருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டரோ மஞ்சள் உறையோ இருந்தால், அது விபத்தில் விரிந்து ஆளைக் காக்கும் ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டை இறுக்கும் அமைப்புக்கும் உரியது. அதிலிருந்து சப்ளை எடுக்கக் கூடாது. மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை அதில் வைத்துப் பார்க்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறிய மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்கச் செய்யக்கூடும். இருக்கையைக் கழற்றும் முன் பேட்டரியின் மைனஸ் முனையை எடுத்துவிட்டு, அந்தக் கார் நிறுவனத்தின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருங்கள். மஞ்சள் கனெக்டர் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள்.

பக்கவாட்டு ஏர்பேக் பல கார்களில் சாய்மானத்தின் கதவுப் பக்க ஓரத்தில் மடிந்திருக்கும். வெடிக்கும்போது உறையின் ஒரு குறிப்பிட்ட தையல் பிரிந்து அது வெளியே வரும்படி செய்திருப்பார்கள். தாங்கியைப் பொருத்த உறையைப் பிரித்தவர்கள், பலமாக இருக்கட்டும் என்று அந்தத் தையலைத் தடித்த நூலால் போட்டுவிட்டால், ஏர்பேக் வர வேண்டிய நொடியில் வராது. மேலே இறுக்கமான ரெக்சின் உறை மாட்டினாலும் அதே கதிதான். அப்படிப்பட்ட இருக்கையை அந்தக் காரின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்திலேயே பிரிக்கச் சொல்கிறேன். பட்டறை வைத்திருக்கும் நானே இதைச் சொல்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து வரும் ஓர் ஆச்சி, “எனக்கும் அந்தப் பக்கத்து சீட்டில் போட்டுக் கொடேன் அப்பா, நான்தானே முதுகுவலிக்காரி” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்டுநர் பக்கத்தையே எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் இடப்பக்க இருக்கையின் அடிமெத்தைக்குள், ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் உணரி இருக்கலாம். முன்னிருக்கை இரண்டுக்கும் சீட் பெல்ட் நினைவூட்டி 2019 ஜூலை முதல் கட்டாயம். ஆகவே அங்கே சாய்மானத்தை மட்டும் திறக்க வேண்டும், அடிமெத்தையைத் தொடக் கூடாது. ஆச்சிக்குக் காற்றுப் பை வகையைப் போட்டோம். வலி காலுக்கு இறங்கினால், கால் மரத்துப்போனால், தாங்கியை நம்பாமல் மருத்துவரிடம் போக வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். 2014-இல் தயாரிப்பு நின்ற வண்டி. நம் ஊர் வீடுகளில் இன்னும் பாசத்தோடு துடைத்து வைத்திருக்கிறார்கள். அதில் மஞ்சள் கனெக்டர் பற்றிய பயமில்லை. ஆனால் பழைய ஒயரிங்கில் ஃபியூஸ்கள் மிகக் குறைவு. இருக்கும் ஒயரில் கிளை எடுக்காமல் பேட்டரியிலிருந்து தனிப்பாதை போடுங்கள். நீளமான முன்னிருக்கையில் ஓட்டுநர் உட்காரும் இடத்துக்கு நேராகக் காற்றுப் பையைத் தைத்தால் போதும்.

எல்லாம் முடிந்தபின் இருக்கையைக் கடைசிவரை முன்னும் பின்னும் நகர்த்தி, சாய்மானத்தை மடக்கி நிமிர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் ஸ்விட்சை அழுத்திப் பாருங்கள். டார்ச் அடித்து அடியில் ஒயர் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள். இருக்கையின் போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு இறுக்குங்கள். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் வண்டியை ஒப்படைக்காதீர்கள், நீங்களும் எடுத்துப் போகாதீர்கள். புதிய ஃபியூஸ் எங்கே இருக்கிறது, எத்தனை ஆம்பியர், எதற்கு உரியது என்று ஒரு சீட்டில் எழுதி, ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்தக் காரில் கை வைக்கும் மெக்கானிக் நீங்களாக இருக்க மாட்டீர்கள். வணக்கம்.