வட்டார வழக்கு தமிழுக்கு வளமே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'வட்டார வழக்கு தமிழுக்கு வளமா, சிதைவா?' என்ற தலைப்பில், வளமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், "படித்தான் என்பதைப் படிச்சான் என்று கெடுத்துவிட்டார்கள், வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள்" என்று வருத்தப்பட்டார். அம்மா, யாரும் வாய்க்கு வந்தபடி பேசவில்லை. படித்தான் படிச்சான் ஆகிறது, வைத்தான் வச்சான் ஆகிறது. சரி, எடுத்தான் ஏன் எடுச்சான் ஆகவில்லை? பார்த்தான் ஏன் பாத்தான் என்பதோடு நின்றுவிடுகிறது? இறந்தகாலத் தகரத்துக்கு முன்னால் இகரமோ ஐகாரமோ யகர மெய்யோ இருந்தால், நாக்கு ஏற்கெனவே மேலண்ணத்தை நோக்கி எழும்பியிருக்கும். அடுத்து வரும் தகரமும் அங்கேயே சகரமாக ஒலித்துவிடும். உகரம் இருந்தால் நாக்கு அங்கே போவதில்லை, தகரம் தகரமாகவே நிற்கும். தெரிந்தது தெரிஞ்சது ஆவதும், காய்ந்தது காஞ்சது ஆவதும், நடந்தது மாறாமல் இருப்பதும் இதே கணக்குதான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிகூட இதில் தவற மாட்டார். இவ்வளவு ஒழுங்காக நடப்பதைச் சிதைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், பழந்தமிழைக் காப்பாற்ற வட்டார வழக்கைக் கைவிட வேண்டும் என்றார்கள். பழந்தமிழ் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 'அ இ உ அம்மூன்றும் சுட்டு' என்கிறது தொல்காப்பியம். தமிழ்நாட்டில் நாம் அந்த உகரத்தை எழுத்திலும் பேச்சிலும் விட்டுவிட்டோம். யாழ்ப்பாணத்தில் "உந்தப் பேனையைத் தாங்கோ" என்பார்கள். என் கையில் இருந்தால் இந்தப் பேனை, இருவருக்கும் எட்டத்தில் இருந்தால் அந்தப் பேனை, கேட்பவர் பக்கத்தில் இருந்தால் உந்தப் பேனை. எத்தனை நுட்பம் பாருங்கள்! காற்று நமக்குக் காத்து ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தாரும் குமரி மாவட்டத்தார் பலரும் நுனிநாக்கைப் பல்லுக்குச் சற்று மேலே ஒற்றி, அந்த இரட்டை றகரத்தை இன்னும் ஒலிக்கிறார்கள். நாம் தொலைத்ததை அந்த ஊர்ப் பேச்சு வைத்திருக்கிறது.

ழகரம் தேய்வது எனக்கும் வலிக்கிறது. வாழைப்பழம் மதுரையில் வாளப்பளமாகவும், சென்னையில் சிலர் வாயில் வாயப்பயமாகவும் ஆகிறது. அதற்கு வகுப்பில் ஒலிப்புப் பயிற்சி கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஊர்ப் பேச்சு முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அது காரணம் ஆகாது.

செய்யுளுக்கு உரிய சொற்கள் எவை என்று தொல்காப்பியர் நான்கைச் சொன்னார்: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். செந்தமிழ் நிலத்தை ஒட்டிய பன்னிரு நிலத்தார் பேசிய சொல்தான் அந்தத் திசைச்சொல். அவர் அதைத் தள்ளி வைக்கவில்லை. கி.ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களைத் தேடித் தொகுத்ததும் அதே மதிப்பினால்தான்.

ஆனால் இன்றைக்கு ஊர்ச்சொல் பேசும் பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரிக்கிறது. அந்தப் பிள்ளை அதற்கப்புறம் வாய் திறப்பதே இல்லை. கொங்குநாட்டுப் பிள்ளை "வீட்டுக்கு ஒறம்பரை வந்திருக்காங்க" என்றால், "தேர்வில் விருந்தினர் என்று எழுது, வீட்டில் ஒறம்பரை என்றே சொல், இரண்டும் தமிழ்தான்" என்று ஆசிரியர் சொல்ல வேண்டும். அதற்கு இடம் தரும் தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.