சின்ன சைஸ் ரூக்கி ரன்னிங் பேக்: ஃபேண்டஸில எடுக்கலாமா, விட்ரலாமா?

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க. ஏப்ரல்ல என்எஃப்எல் டிராஃப்ட், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் டீமுங்க காலேஜ் பசங்கள ரவுண்டு ரவுண்டா தேர்ந்தெடுக்கிறது, முடிஞ்சா போதும், வருஷா வருஷம் ஒரே கேள்விதான் வரும், "இந்த பையன் காலேஜ்ல பிச்சு உதறினான், ஆனா ஆளு ரொம்ப சின்னதா இருக்கான், ஃபேண்டஸில எடுக்கலாமா?"ன்னு. ஃபேண்டஸின்னா நிஜ ஆட்டக்காரங்கள எடுத்து நாமளே ஒரு டீம் வச்சு, அவங்க மேட்ச்ல ஆடுறத வச்சு பாயிண்ட் வாங்குற விளையாட்டு. ரூக்கின்னா முதல் வருஷ ஆளு, ரன்னிங் பேக்னா பந்த தூக்கிட்டு ஓடுறவரு. இதுக்கு மொட்டையா ஆமா இல்லன்னு சொல்ல முடியாது, அதனால இன்னைக்கு 2023 டிராஃப்ட்ட மட்டும் பிடிச்சுக்கறேன், ஏன்னா அதே டிராஃப்ட்ல ரெண்டு சின்ன பசங்க வந்தாங்க, ஒருத்தர் எங்கயோ உச்சத்துக்கு போயிட்டாரு, இன்னொருத்தர் அப்படியே அமுங்கிட்டாரு, ரெண்டு பேருக்கும் எடைல வித்தியாசம் வெறும் 9 பவுண்டு, அதாவது நாலு கிலோ.

முதல்ல டூஸ் வான். கான்சாஸ் ஸ்டேட் காலேஜ். உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 179 பவுண்டு, நம்ம கணக்குல 81 கிலோ. காலேஜ்ல 2022 சீசன்ல மட்டும் 1,558 யார்டு ஓடினாரு, சுகர் பவுல்ங்கற பெரிய காலேஜ் மேட்ச்ல அலபாமாவுக்கு எதிரா ஒரே ஓட்டமா 88 யார்டு ஓடி, கடைசி கோட்ட தாண்டி டச்டவுன் போட்டாரு, அலபாமா டிஃபென்ஸ்ல இருந்தவங்க சும்மா ஆளுங்க இல்ல. அப்பா கிறிஸ் வான் டல்லாஸ் கவ்பாய்ஸ்ல காலேஜ் ஆட்டக்காரங்கள பாத்து தேர்ந்தெடுக்கிற ஸ்கவுட்டிங் வேலைல இருந்தவரு. ஆறாவது ரவுண்டு, 212வது பிக், டல்லாஸ் எடுக்குது, அப்பாவே பையனுக்கு போன் போட்டு சொல்றாரு, அந்த வீடியோ பாத்தவங்களுக்கு தெரியும், அந்த ரூம்ல இருந்த பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் கண்ண தொடச்சிட்டு இருந்தாங்க. எனக்கு இப்ப பாத்தாலும் தொண்டை அடைக்கும்.

சரி, ரெண்டாவது ஆளு டெவான் ஏச்சன். டெக்சஸ் ஏ அண்ட் எம். 5 அடி 9க்கு கொஞ்சம் கம்மி, 188 பவுண்டு. மூணாவது ரவுண்டு, 84வது பிக், மயாமி டால்பின்ஸ். கம்பைன்ல, அதாவது டிராஃப்ட்டுக்கு முன்னாடி நடக்கிற டெஸ்ட்ல, 40 யார்டு ஓட்டம் 4.32 செகண்ட். இந்த 4.32ஐ மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரேன்.

அந்த சீசன் என்ன ஆச்சுன்னா, வான் வருஷம் முழுக்க 23 தடவை பந்து தூக்கி 40 யார்டு, 7 கேட்ச்ல இன்னொரு 40 யார்டு, டச்டவுன் ஒண்ணு கூட இல்ல. பிபிஆர் கணக்குல, அதாவது ஒவ்வொரு கேட்ச்சுக்கும் ஒரு பாயிண்ட் குடுக்கிற லீக்ல, மொத்த சீசனுக்கும் 15 பாயிண்ட். ஏச்சன் மூணாவது வாரம் டென்வர் பிராங்கோஸோட ஆடினாரு பாருங்க, டால்பின்ஸ் 70 பாயிண்ட் அடிச்ச மேட்ச், அதுல 18 தடவை பந்து தூக்கி 203 யார்டு, நாலு கேட்ச்ல 30 யார்டு, ஓடி ரெண்டு, பிடிச்சு ரெண்டுன்னு நாலு டச்டவுன். பிபிஆர்ல மொத்தம் 51.3 பாயிண்ட், ஒரே மதியத்துல! முதல் வாரம் தோள்பட்டை அடியால வெளில உக்காந்திருந்தாரு, ரெண்டாவது வாரம் ஒரே ஒரு தடவை பந்து குடுத்தாங்க, அதனால நிறைய ஃபேண்டஸி லீக்ல அவர தூக்கி போட்டுட்டாங்க, அப்பதான் இது நடந்துச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். சின்ன ஆளுன்னா அடி தாங்க மாட்டான்னு எல்லாரும் சொல்றாங்க, என்னை கேட்டா பிரச்சனை அங்க இல்ல. கோச் அவன களத்துல விடுவாரா, எந்த நேரத்துல விடுவாரு, இதுதான் பிரச்சனை. அடி படுறதுக்கு முதல்ல உள்ள போகணும்ல.

மூணாவது டவுன், அதாவது பத்து யார்டு முன்னேற கிடைக்கிற நாலு வாய்ப்புல மூணாவது, இன்னும் எட்டு யார்டு வேணும்னு வச்சுக்கோங்க. குவார்ட்டர்பேக் பாஸ் போடப் போறாரு, எதிர் டீம் டிஃபென்ஸ்ல இருக்கிற லைன்பேக்கர பிளிட்ஸ், அதாவது குவார்ட்டர்பேக்க நேரா தாக்க, அனுப்புது. 240 பவுண்டு ஆளு, நடுவுல இருக்கிற சந்துல நேரா பாஞ்சு வரான். அவன நிறுத்த வேண்டியது யாரு? பின்னாடி நிக்கிற ரன்னிங் பேக். 179 பவுண்டு பையன் நெஞ்சுக்கு நெஞ்சு நின்னா தூக்கி குவார்ட்டர்பேக் மேலயே போட்ருவான், அதனால கால பாத்து கீழ விழுந்து கட் பிளாக் பண்ணணும், அதுல ஒரு அரை நொடி தப்புனா உங்க குவார்ட்டர்பேக் ஆஸ்பத்திரில. எந்த கோச்சும் இந்த ரிஸ்க்க எடுக்க மாட்டாரு. ஆனா பாருங்க, சின்ன பேக்குக்கு ஃபேண்டஸி பாயிண்ட் வர்றதே இந்த மூணாவது டவுன் பாஸ்லதான். அந்த டவுன்ல களத்துல இல்லன்னா கேட்ச் இல்ல, கேட்ச் இல்லன்னா பாயிண்ட் இல்ல. அதனால ரூக்கிய பத்தி படிக்கும்போது ஹைலைட்ஸ்ல எத்தனை பேர ஏமாத்தி ஓடினான்னு பாக்காதீங்க, பிளிட்ஸ் வரும்போது என்ன பண்றான்னு பாருங்க.

அப்புறம் கோல் லைன். ஒரு யார்டுல இருந்து முட்டி மோதி உள்ள போகணும்னா அங்க சின்ன பையன எடுத்துட்டு பெரிய ஆள கொண்டு வருவாங்க. டால்பின்ஸ்லயே 2023ல ரஹீம் மோஸ்டர்ட் ஓடியே 18 டச்டவுன் போட்டாரு, அதுல கணிசமானது கிட்ட இருந்து போட்டதுதான். ஏச்சனுக்கு இது உதைக்கணும், ஆனா உதைக்கல, ஏன்னா அவரு தூரத்துல இருந்தே போட்டுட்டாரு, பிராங்கோஸ் மேட்ச்ல ஒண்ணு 67 யார்டு, ஜயன்ட்ஸ் மேட்ச்ல ஒண்ணு 76 யார்டு. இங்கதான் அந்த 4.32 வருது. அப்ப கோச்சா இருந்த மைக் மெக்டேனியல் ஆட்டம் முழுக்க பக்கவாட்டுல ஓட விடுறது, பந்து ஆட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆளுங்கள நகத்துறதுன்னு இருந்துச்சு, அதுல டிஃபென்ஸ் ஒரு அடி தப்பா வச்சா போதும், ஏச்சன் போயிட்டே இருந்தாரு. 103 ஓட்டத்துக்கு 800 யார்டு, சராசரி 7.8, ரூக்கி சீசன்ல! நம்பவே முடியல இல்ல?

வானுக்கு அந்த கியர் இல்ல, அதான் உண்மை. அவரோட அழகே வேற, பெரிய லைன்மேனுக்கு பின்னாடி ஒளிஞ்சு நின்னு, டிஃபென்ஸ் தேடிட்டு இருக்கும்போது சட்டுன்னு வேற சந்துல வெளிய வர்றது. காலேஜ்ல அந்த சந்து ரெண்டு நொடி தொறந்திருக்கும், என்எஃப்எல்ல உடனே மூடிரும். ப்ரீசீசன்ல, அதாவது சீசனுக்கு முன்னாடி நடக்கிற பயிற்சி மேட்ச்ல, டச்டவுன் போட்டப்ப எல்லாரும் குதிச்சாங்க, டல்லாஸோட பழைய ரன்னிங் பேக் எசக்கியேல் எலியட் வேற டீம விட்டு போயிட்டாரு, டோனி போலார்டுக்கு பின்னாடி இடம் காலியா இருக்குன்னு நினைச்சாங்க, கடைசில அந்த இடம் ரிக்கோ டவுடிலுக்கு போச்சு. ஆறாவது ரவுண்டு பையன ஓரமா உக்கார வச்சா டீம யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, மூணாவது ரவுண்டு பிக்க உக்கார வச்சா கேப்பாங்க. இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல.

அப்ப எல்லாரும் வான டேரன் ஸ்ப்ரோல்ஸோட ஒப்பிட்டாங்க, அதே கான்சாஸ் ஸ்டேட், அதே உயரம் மாதிரி, 5 அடி 6. ஒப்பிடுறது சரி, ஆனா ஸ்ப்ரோல்ஸ் கதைய முழுசா சொல்லணும்ல. 2005ல நாலாவது ரவுண்டுல சார்ஜர்ஸ் எடுத்துச்சு, முன்னாடி நின்னவரு அந்த டீமோட நட்சத்திர ரன்னிங் பேக் லடேனியன் டாம்லின்சன், அதனால ரூக்கி வருஷம் பூரா கிக் ரிட்டர்ன், அதாவது எதிர் டீம் உதைச்ச பந்த பிடிச்சு திரும்ப ஓடுறதுதான், அடுத்த வருஷம் கணுக்கால் உடைஞ்சு சீசனே போச்சு. பெரிய சீசன் வந்தது 2011ல, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ்ல, எல்லாம் சேத்து 2,696 யார்டு, அப்ப அது என்எஃப்எல் ரெக்கார்டு. ஆனா அதுல பாதிக்கு மேல ரிட்டர்ன் யார்டு, பெரும்பாலான ஃபேண்டஸி லீக்ல அதுக்கு பாயிண்டே கிடையாது. ஓடினது 603, கேட்ச்ல 710, 86 கேட்ச், 9 டச்டவுன், பிபிஆர்ல 271 பாயிண்ட், கேட்ச்சுக்கு பாயிண்ட் குடுக்காத ஸ்டாண்டர்ட் லீக்ல அதே ஆளு 185. உங்க லீக் எதுன்னு பாக்காம சின்ன பேக்க எடுக்காதீங்கன்னு நான் தலைபாடா அடிச்சுக்கறது இதுக்குதான்.

ஒண்ணு விட்டுட்டேன், குள்ளமா இருக்கிறவங்க எல்லாம் இந்த லிஸ்ட்ல வர மாட்டாங்க. மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ 5 அடி 7தான், ஆனா 200 பவுண்டுக்கு மேல, தொடையெல்லாம் தூண் மாதிரி, 2006 ரூக்கி சீசன்ல ஓடியே 13 டச்டவுன். உயரத்த விடுங்க, எடைய பாருங்க. 190க்கு கீழன்னா மட்டும் இவ்வளவு யோசிங்க.

அடி விஷயமும் சொல்லிடறேன், ஏச்சனுக்கு முழங்கால்ல அடிபட்டு ரூக்கி சீசன்ல 11 மேட்ச்தான் ஆடினாரு, உடனே எல்லாரும் "பாத்தியா சொன்னேன்ல"ன்னு ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷம் 17 மேட்ச்சும் ஆடினாரு, 78 கேட்ச், 12 டச்டவுன், பிபிஆர்ல கிட்டத்தட்ட 300 பாயிண்ட். நிஜமா சந்தோஷமா இருந்துச்சு எனக்கு.

அதனால 12 பேர் லீக், பிபிஆர், ரூக்கி சின்ன ஆளு, ஆனா என்எஃப்எல் டிராஃப்ட்ல முதல் மூணு ரவுண்டுக்குள்ள போயிருக்கான், 40 யார்டு 4.4க்கு கீழ, அப்படின்னா நான் நம்ம ஃபேண்டஸி டிராஃப்ட்ல பத்தாவது ரவுண்டு கிட்ட எடுத்து பெஞ்சுல வச்சிருப்பேன், முதல் ரெண்டு வாரம் பாயிண்ட் வரலன்னு தூக்கி போட மாட்டேன். என்எஃப்எல்ல அஞ்சு ஆறு ஏழாவது ரவுண்டு பையன்னா ரீட்ராஃப்ட்ல, அதாவது வருஷா வருஷம் டீம புதுசா எடுக்கிற லீக்ல, தொட மாட்டேன், அதே டீம வருஷக்கணக்கா வச்சிருக்கிற டைனஸ்டில, இளம் பசங்கள தனியா வச்சிருக்கிற டாக்ஸி ஸ்குவாட்ல இடம் இருந்தா போட்டு வைப்பேன். ஆகஸ்ட்ல ப்ரீசீசன் பாக்கும்போது டச்டவுன எண்ணாதீங்க, முதல் குவார்ட்டர்ல ஸ்டார்ட்டர்ஸோட உள்ள வரானா, மூணாவது டவுன்ல வெளிய போகாம நிக்கிறானா, இத மட்டும் குறிச்சு வைங்க. அடுத்த வீடியோல ரூக்கி ரிசீவர்ஸ பாப்போம், வரேன்.