மரத்தின் அடியைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. மே மாதக் காற்று தொடங்கினால் நம் தேயிலைத் தோட்ட லய வீடுகளில் ஒரு பேச்சும் கூடவே தொடங்கிவிடும். "பின்னால நிக்கிற மரம் இந்த வருசம் தாங்குமா?" ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று செப்டெம்பர் வரை ஓயாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் அதே கவலை வருடக் கடைசி மழையோடு வரும்.

நான் பல வருடம் தோட்டத்தில் வெளிக்கள வேலை பார்த்தவன். ஆனால் மரத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது பதினொரு வயதில். எங்கள் லயத்துக்குப் பின்னால் இரண்டு பெரிய மரங்கள் நின்றன. ஒன்று கூரைப் பக்கம் சாய்ந்த சவுக்கு. எல்லோரும் பயந்தது அதற்குத்தான். மற்றது கம்பம் போல நேராக நின்ற டர்பன்டைன். அந்த வருடம் மழைக்கு முன்னால், அந்த நேர் மரத்துக்கு இரண்டடி தள்ளி, தண்ணீர் வடிய ஒரு கான் வெட்டினார்கள். ஆனி மாத இரவொன்றில் விழுந்தது நேர் மரம்தான். எங்கள் காம்பராத் தகரத்தைப் பிளந்துகொண்டு அடுப்பின் மேல் கிடந்தது. அம்மா அப்போதுதான் குடத்தோடு பீலிக்குப் போயிருந்தார். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். கான் பக்கத்து வேர்கள் கத்தியால் நறுக்கியது போல ஒரே நேராக முடிந்திருந்தன.

அதனால் சொல்கிறேன், மரத்தின் உயரத்தைப் பார்த்துப் பயப்படும் முன் அதன் அடியைப் பாருங்கள். பெரிய மரமானாலும் அதன் வேரில் பெரும்பகுதி மேல் மண்ணின் இரண்டடி ஆழத்துக்குள்தான் இருக்கிறது. பக்கவாட்டில் கொப்புகளின் எல்லையையும் தாண்டி ஓடும். குசினியைப் பெருப்பிக்க மண்ணை வெட்டினாலும், மலசலகூடக் குழி தோண்டினாலும், பாதையை அகலப்படுத்தினாலும் அறுபடுவது அந்த வேர்தான்.

சாய்விலும் இரண்டு வகை உண்டு. சின்ன வயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம், நுனியை மறுபடி வானத்தை நோக்கித் திருப்பியிருக்கும். அடிமரம் அரிவாள் போல வளைந்திருக்கும். அது தன் பாரத்துக்கு ஏற்றபடி தன்னைக் கட்டிக்கொண்ட மரம். நேராக வளர்ந்த மரம் அடியோடு சாய்ந்து, எதிர்ப்பக்கத்து மண் வெடித்தோ மேடாகியோ இருந்தால் அது புதுச் சாய்வு. அதற்கு அவசரம் வேண்டும். மிதமான காற்று வீசும் நாளில், மரம் விழுந்தாலும் எட்டாத இடத்தில் நின்று அதன் அடியைக் கவனியுங்கள். மண் மூச்சு விடுவது போல ஏறி இறங்கினால் வேர் பிடி விட்டுக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளை உடனே அந்தக் காம்பராவை விட்டு மாற்றுங்கள்.

பொந்து இருந்தாலே மரம் போச்சு என்று நினைக்க வேண்டாம். தண்ணீர்க் குழாயும் உள்ளே வெறுமைதானே. குறுக்களவில் பாதி பொந்தாக இருந்தாலும், சுற்றியுள்ள மரம் முழுசாகவும் கெட்டியாகவும் இருந்தால், வளைவைத் தாங்கும் பலத்தில் ஏறத்தாழ 6 வீதம்தான் குறையும். பத்தில் ஏழு பங்கு பொந்தானால் 24 வீதம். அதற்குமேல் பலம் கிடுகிடுவென்று இறங்கும். ஒரு பக்கம் திறந்த பொந்தும், அடிமரத்தில் தட்டுத் தட்டாக முளைத்த காளானும் இதைவிட மோசம். அந்தக் காளான் வெளியே தெரியும்போது உள்ளே உளுத்தல் பரவியிருக்கும்.

இன்னொன்று, நம் தோட்டங்களில் அடிக்கடி நடப்பது. பலகைக்காகத் தோப்பை வெட்டிவிட்டு லயத்தோரம் ஒன்றிரண்டு மரத்தை விட்டுவிடுவார்கள். கூட்டத்தின் மறைவில் ஒல்லியாக வளர்ந்த மரம் அது. முழுக் காற்றையும் தனியாக வாங்கி அதற்குப் பழக்கமில்லை. அதன் முதல் இரண்டு மூன்று பருவக்காற்றுகளில் கண் அதன்மேல் இருக்கட்டும்.

பயத்தில் மரத்தின் தலையை வெட்டிவிடுவதும் சரியில்லை. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டலாம், அது அதற்கே பழகிய செடி. பெரிய மரத்தின் தலையை வெட்டினால் வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி உளுக்கும். பக்கத்தில் வெடிக்கும் புதுக் கொப்புகள் மேல்தோலில் ஒட்டினது போலத்தான் நிற்கும். நாலைந்து வருடத்தில் அவை பாரமாகி முறியும். கூரைக்கு மேலே உள்ள பட்ட கொப்பை மட்டும், தெரிந்த ஆளை வைத்து எடுத்தாலே ஆபத்து குறையும்.

தோட்டக் காணி மரத்தை நாமாக வெட்ட முடியாது. நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், மண் வெடிப்பின் படத்தோடு. பிரதி ஒன்று கிராம உத்தியோகத்தருக்கு. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். சொந்தக் காணியில் என்றாலும் பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

ஒரு மரம் மட்டும் இல்லாமல் சரிவிலுள்ள பல மரங்கள் சேர்ந்து சாய்ந்தால், சுவரும் வெடித்து, புது ஊற்றும் வந்தால், அசைவது மலைதான். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண் இறங்கி லயங்களே புதைந்ததை நாம் மறக்கவில்லை. அப்போது மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர நாளாகும். அதுவரை கூரைக்கு மேலே உள்ள அந்தக் கொப்புக்கு நேர் கீழே யாருடைய தலையணை இருக்கிறதோ, அதை இன்று இரவே மரம் எட்டாத பக்கத்துக்கு மாற்றிப் போடுங்கள். நன்றி, வணக்கம்.