நெல்லுக்குள்ள ஈரம் எவ்வளவு? பல்லு சொல்லுமோ, வெளிச்சம் சொல்லுமோ?

வணக்கம் உறவுகள். சத்தம் கேக்குதோ? பின்னால வெட்டுற மெசின் ஓடுது, அதால கொஞ்சம் கத்தித்தான் கதைக்க வேண்டிக்கிடக்கு. யாழ்ப்பாணத்தில மட்டுவில் பக்கம் எங்கட வயல்ல நிக்கிறன். மெசின் விடியவே வந்திட்டுது. பனி காயுமட்டும் இறக்காதேங்கோ எண்டு அப்பா மறிச்சுப்போட்டார். பனியோட வெட்டினா நெல்லு ஈரமா வரும், பிறகு அந்த ஈரத்துக்குக் காசு வெட்டுவாங்கள்.

அந்தக் காசுக் கதைதான் இண்டைக்கு. போன மாசியில ஒரு வியாபாரியிட்ட நெல்லுக் கொண்டு போனனாங்கள். ஆர், எவடம் எண்டு கேளாதேங்கோ. சாக்குக்குள்ள கையை விட்டு நாலு நெல்லை எடுத்து வாயில போட்டார். கடுக்கெண்டு உடையேல்லை, நசிஞ்சுது. "தம்பி, பச்சை. மூட்டைக்கு அஞ்சு கிலோ கழிப்பம்." அவ்வளவுதான், கதை முடிஞ்சுது.

வீட்டை வந்து கணக்குப் பாத்தன். அரசாங்கத்தின்ர நெல் சந்தைப்படுத்தும் சபை கேக்கிற ஈரப்பதன் 14 வீதம். எங்கட நெல்லு 18 வீதத்தில நிண்டது எண்டு வையுங்கோ. 70 கிலோ மூட்டையில தண்ணி போக மிச்சம் 57.4 கிலோ. 14 வீதத் தண்ணி இருக்கலாம் எண்டபடியா அதை 0.86 ஆல பிரிச்சா 66.7 கிலோ. அப்ப காய்ஞ்சு குறையிறது மூண்டே கால் கிலோதான். ஆனா 20 வீதத்தில நிண்டிருந்தா குறையிறது 4.9 கிலோ, அவர் கழிச்சது சரி. அண்டைக்கு பதினெட்டோ, இருபதோ? எனக்கும் தெரியாது, அவற்ற பல்லுக்கும் தெரியாது.

சரி, பல்லை விட்டிட்டு வெளிச்சத்துக்கு வருவம். இப்ப ஒரு வேலை செய்யுங்கோ. வீட்டில இருக்கிற ரீவி ரிமோட்டை எடுத்து, போனின்ர செல்பி கமராவுக்கு நேர பிடிச்சு அமத்துங்கோ. முனையில ஊதாவா ஒண்டு மினுங்குதெல்லோ? கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். அது 940 நனோமீற்றர் அலைநீளத்தில வாற வெளிச்சம். 780இல இருந்து 2500 வரைக்கும் இருக்கிறதை அண்மை அகச்சிவப்பு எண்டு சொல்லுறது. நெல்லுக்குள்ள இந்த வெளிச்சத்தை விட்டா, தண்ணி தனக்குப் பிடிச்ச அலைநீளத்தைக் குடிச்சுப்போடும். 1450இலயும் 1940இலயும் நல்லாக் குடிக்கும், 970 அளவில கொஞ்சமாக் குடிக்கும். புரதத்துக்கு வேற இடம், எண்ணெய்க்கு வேற இடம். எது எவ்வளவு குறைஞ்சு வெளிய வருதெண்டு பாத்துத்தான் அளக்கிற மெசின் கணக்குச் சொல்லுறது. நெல்லை அரைக்கவும் தேவையில்லை, கரைக்கவும் தேவையில்லை.

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில இருந்த கார்ல் நொரிஸ் எண்டவர் 1960களிலயே தானியத்தில இதைச் செய்து காட்டினவர். கனடாவில 1975இல இருந்து கோதுமையின்ர புரதத்தை இப்படித்தான் அளக்கினம். அங்க புரதத்தையும் பாத்துத்தான் விலை. இப்ப இந்த அளக்கிற சாமான் வெட்டுற மெசினிலயே பூட்டி வருது. தானியம் மேல ஏறேக்க சில விநாடிக்கு ஒருக்கா அளந்து, ஓட்டுறவருக்கு முன்னால திரையில காட்டும். வயலின்ர இந்த மூலை ஈரம், அந்த மூலை காய்ஞ்சது எண்டு அப்பவே தெரியும், ரெண்டையும் வேற வேறயாக் கொட்டலாம்.

கேக்க ஆசையாத்தான் கிடக்கு. ஆனா ஒண்டு சொல்லோணும். இந்த வெளிச்ச மெசினுக்குத் தானா ஒண்டும் தெரியாது, பழக்கினதுதான் தெரியும். நூற்றுக்கணக்கான மாதிரியளை எடுத்து, ஒவ்வொண்டையும் அவணில வறுத்து நிறுத்து ஈரம் பாக்கோணும். புரதத்துக்கு அமிலத்தில கொதிக்கவைக்கிற கெல்டால் முறை. 1883இல ஒரு பியர் கொம்பனியின்ர ஆய்வுகூடத்தில கண்டுபிடிச்சதாம், அது வேற கதை. அந்த விடையளையும் வெளிச்சத்தையும் சோடி சேத்துக் குடுத்தாத்தான் மெசின் படிக்கும். கோதுமையில படிச்ச மெசினிட்ட எங்கட மொட்டைக்கருப்பன் நெல்லைக் குடுத்தா அதுவும் ஒரு இலக்கம் சொல்லும். ஆனா அந்த இலக்கத்தை நம்பி விலை பேசேலாது. உமியோட இருக்கேக்க இன்னும் கஷ்டம், உமி நடுவில நிண்டு வெளிச்சத்தைக் குழப்பும். குத்தின அரிசியில அளந்தாத்தான் வடிவா வரும்.

என்னைக் கேட்டா, ஈரம் மட்டும் பாக்கிறதெண்டா எங்களுக்கு இவ்வளவு பெரிய சாமான் தேவையில்லை. கையில பிடிக்கிற சாதாரண ஈரப்பதமானி ஒண்டு சங்கத்தில இருந்தாப் போதும், அதுவும் வாங்கிறவருக்கும் விக்கிறவருக்கும் நடுவில மேசையில இருக்கோணும். ஆனா எங்கட சிவப்பரிசியைத் தரம் பிரிச்சு, இதில இவ்வளவு புரதம் எண்டு எழுதி விக்க நினைச்சா, அப்ப இந்த வெளிச்ச மெசின் வேணும். எங்கட நெல்லிலயே பழக்கின மெசின்.

அதுவரைக்கும் அப்பாவின்ர மெசின் இதுதான். கிட்ட வாறன், பாருங்கோ. காய்ஞ்ச ஜாம் போத்தல். ஆனையிறவு உப்பு, சட்டியில வறுத்து ஆறவிட்டது, ரெண்டு கரண்டி. இப்ப வெட்டின நெல்லு ஒரு பிடி. மூடி, ஒரு நிமிசம் குலுக்கிறன்... கை நோகுது... சரி. கண்ணாடியில உப்பு அப்பிக்கிடக்குது, தெரியுதோ? ஒட்டினா 15 வீதத்துக்கு மேல எண்டு அர்த்தம்.

அப்பா, ஒட்டிக்கிடக்கு! ஓம், நெல்லுக் காயவைக்க மற்றப் படங்கையும் விரிக்கோணும். நிப்பாட்டுறன் உறவுகள், கூப்பிடுறார்.