மருந்துக்கு அடங்காத வலிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு தாய் வலிப்புள்ள தன் மகனின் மருத்துவக் கோப்பை என் மேசைமேல் விரித்து, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார். "டாக்டர், ரிஃப்ராக்டரி என்று எழுதியிருக்கிறார்களே, இனி மருந்தே கிடையாது என்று அர்த்தமா?" பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொன்னாளாம். அன்றிலிருந்து தூக்கமில்லை.

இல்லை அம்மா, அது கைவிரிக்கும் சொல் அல்ல. லத்தீன் மூலத்தில் அதற்குப் 'பிடிவாதமான' என்று பொருள். கடுஞ்சூட்டுக்கும் உருகாத உலைச் செங்கல்லுக்கும் இதே பெயர்தான். நம் இதயத்திலும் இந்தப் பிடிவாதம் உண்டு. ஒரு துடிப்பு கிளம்பியதும் ஏறத்தாழக் கால் நொடிக்கு, எந்தத் தூண்டலுக்கும் இதயத்தசை மசியாது. அதனால்தான் கெண்டைக்காலைப் போல் இதயம் குரக்களி பிடித்து நிற்பதில்லை. தளர்ந்து, இரத்தத்தை நிரப்பிக்கொள்ள அதற்கு நேரம் கிடைக்கிறது.

வலிப்பு நோயில் அந்தச் சொல்லுக்குத் திட்டமான வரையறை இருக்கிறது. பொருத்தமான இரண்டு மருந்துகளைத் தனித்தனியாகவோ சேர்த்தோ போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. உலக வலிப்புநோய் மருத்துவர்களின் கழகம் 2010-இல் வகுத்தது இது. நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்நிலையில் இருக்கிறார்கள்.

இரண்டு மருந்துகளோடு ஏன் நிறுத்தினார்கள்? இரண்டும் தோற்றபின் மூன்றாவது, நான்காவது மருந்தில் வலிப்பு அடியோடு நிற்பது அரிது. மாத்திரையை மாற்றி மாற்றியே பத்து வருடங்களைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. மூளையில் காதுக்கு மேலே பக்கவாட்டிலுள்ள பொட்டுப் பகுதியில் ஒரு தழும்பு இருந்து, வலிப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது என்றால் அறுவை சிகிச்சை செய்யலாம். பொட்டுப் பகுதி வலிப்புள்ள 80 பேரை வைத்துக் கனடாவில் நடந்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், அறுவைக்கென ஒதுக்கப்பட்டவர்களில் 58 விழுக்காட்டினருக்கு நினைவு தப்பும் வலிப்பு இல்லை; மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 8 விழுக்காடுதான். நமக்கு அருகே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். அடங்காதது நோய்தானா? அந்தத் தாயின் பையிலிருந்த மாத்திரை அட்டைகளை எண்ணினேன். இருபத்திரண்டு மாத்திரைகள் மிச்சம். மகனுக்கு இரவு ஷிப்ட் வேலை. விடிந்து வந்ததும் அப்படியே படுத்துவிடுகிறான். மருந்தும் தவறி, தூக்கமும் கெட்டால் வலிப்பு வரத்தான் செய்யும். வேறு சிலருக்கு வருவது வலிப்பே அல்ல, மயக்கம்.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது மிச்ச மாத்திரைகளோடு அட்டைகளைக் கொண்டுபோங்கள். வலிப்பு வரும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம். ஒருவர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும். இன்னொருவர் அதைக் கைபேசியில் படம் பிடிக்கட்டும். எந்தக் கை முதலில் இழுத்தது, முகம் எந்தப் பக்கம் திரும்பியது என்பது அதில் தெரிந்தால் போதும், மூளையில் எங்கே தேடுவது என்று எங்களுக்குப் பிடிபட்டுவிடும்.