மண்டபத்துக்கு வெளியே உட்கார்ந்தவர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரமும் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

நிலையான உலக அமைதியைக் கட்டுவது அரசுகளா, குடிமக்களின் அமைதிச் சங்கங்களா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "போரை நிறுத்துவது கையெழுத்து, பேனா அரசாங்கத்தின் சட்டைப் பையில் இருக்கிறது. அமைதிச் சங்கம் மெழுகுவத்தி ஏற்றும், அவ்வளவுதான்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். சரி, அந்தக் கையெழுத்து எத்தனை நாள் தாங்கும் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? முகூர்த்தம் முடிந்ததும் பந்திக்குப் போய்விட்ட சொந்தக்காரர் மாதிரி இறங்கிப் போய்விட்டார். குடும்பம் நடப்பது அதற்கு அப்புறம்தானே ஐயா!

அவர் இன்னொன்றும் சொன்னார். 2003 பிப்ரவரி 15 அன்று, இராக் போர் வேண்டாம் என்று உலகமெங்கும் நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் திரண்டார்கள். அடுத்த மாதமே போர் தொடங்கியது. அப்படியானால் ஊர்வலத்தால் என்ன பயன் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு நாள் ஊர்வலத்துக்கு வாஷிங்டனும் லண்டனும் அசையவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே ஆண்டு, உலகத்தின் கேமராக்கள் எல்லாம் பாக்தாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கூட்டம் உட்கார்ந்தது. அது ஒரே நாளில் எழுந்து போகவில்லை.

லைபீரியா. 1989இல் தொடங்கி, நடுவில் கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி மூண்ட உள்நாட்டுப் போர். சுமார் இரண்டரை லட்சம் பேர் செத்துப்போனார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. துப்பாக்கியை விடக் குள்ளமான பையன்களைக் கூடப் படையில் சேர்த்தார்கள். அதிபர் சார்லஸ் டெய்லர் ஒரு பக்கம், தலைநகர் மன்ரோவியாவை நெருங்கும் கிளர்ச்சிப் படைகள் மறுபக்கம். இந்த நேரத்தில்தான் லேமா போவி என்ற பெண்ணும் அவருடைய தோழிகளும் தேவாலயப் பெண்களையும் மசூதிப் பெண்களையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நகை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, மீன் சந்தைக்குப் பக்கத்துத் திடலில் உட்கார்ந்தார்கள். ஏன் அந்தத் திடல்? டெய்லரின் கார் வரிசை போகும் சாலை அது. தினமும் அவர் கண்ணில் பட்டே ஆக வேண்டும். வெயிலிலும் உட்கார்ந்தார்கள், மழையிலும் உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 23 அன்று டெய்லர் அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். ஜூன் மாதம் கானாவில் பேச்சுவார்த்தை தொடங்கியது.

எதிரணி நண்பர் இப்போது சிரிக்கிறார். "பார்த்தீர்களா, கடைசியில் மேசைக்குத்தானே வந்தார்கள்" என்று. வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள்? தளபதிகள் நல்ல ஹோட்டல் அறையில் தங்கி, யாருக்கு எந்த மந்திரி பதவி என்று வாரக்கணக்கில் பேரம் பேசினார்கள். அங்கே மன்ரோவியாவில் வீடுகள் மேல் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஜூலை மாதம் ஒரு நாள், போவியின் பெண்கள் பேச்சுவார்த்தை மண்டப வாசலில் கை கோத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் வராமல் உள்ளே இருப்பவர்கள் யாரும் வெளியே போகக் கூடாது! காவலர்கள் கைது செய்ய வந்தபோது போவி தன் உடையைக் களைய ஆரம்பித்தார். தாய் ஒருத்தி வேண்டுமென்றே தன்னை நிர்வாணமாக்கிக்கொள்வதைப் பார்ப்பது அந்தப் பக்கத்தில் பெரிய சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள். நடுவராக இருந்த நைஜீரிய ஜெனரல் அப்துல்சலாமி அபுபக்கர் வெளியே வந்து பெண்களைச் சமாதானப்படுத்தி, தளபதிகளை உள்ளே திருப்பி அனுப்பினார். (நடுவர் என்றால் அப்படி இருக்க வேண்டும். நம் நடுவரைக் குறை சொல்லவில்லை.) ஆகஸ்ட் 11 அன்று டெய்லர் பதவி விலகினார். 18ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

பெண்கள் உட்கார்ந்ததால் மட்டுமே போர் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். டெய்லர் மேல் போர்க்குற்ற வழக்கு வந்திருந்தது, கிளர்ச்சிப் படை நகர வாசலில் நின்றது, மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் படை அனுப்பின. எல்லாம் உண்மை. என் வழக்கே ஆகஸ்ட் 18க்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

டிசம்பரில் ஐ.நா. ஆயுதம் ஒப்படைக்கச் சொன்னது. எதிர்பார்த்ததை விட எத்தனையோ மடங்கு ஆட்கள் வந்து குவிந்து, கலவரமாகி, அந்த வேலையே நின்றுபோனது. அடுத்த ஏப்ரலில்தான் திரும்பத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பையன்களிடம் பேசிப் பார்க்க யார் போனார்கள்? அதே பெண்கள். 2005 தேர்தலுக்குப் பெண்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க ஊர் ஊராக அலைந்ததும் அதே பெண்கள். எலன் ஜான்சன் சர்லீஃப் ஆப்பிரிக்காவில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அதிபரானார். கிராமங்களில் 'அமைதிக் குடில்' என்று அமைத்து, நிலத் தகராறு, வீட்டுச் சண்டை, வன்முறை எல்லாவற்றையும் அது பெரிதாகும் முன்பே உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். ஐ.நா. அமைதிப்படை 2018இல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. 2023இல் அதிபர் ஜார்ஜ் வியா மிகக் குறைந்த வித்தியாசத்தில் தேர்தலில் தோற்றார். இருபது ஆண்டுக்கு முன்னால் என்றால் அந்த வித்தியாசத்துக்கு ஒரு போரே நடந்திருக்கும். அவர் போனை எடுத்து, ஜெயித்தவருக்கு வாழ்த்துச் சொன்னார்.

எதிரணித் தோழி ஒருவர் கொலம்பியாவை இழுத்தார். 2016இல் அதிபர் சாந்தோஸும், அரசை எதிர்த்துப் போரிட்ட ஃபார்க் என்ற கெரில்லாப் படையும் உலகத் தலைவர்கள் முன்னால் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆறே நாளில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் 'வேண்டாம்' என்றார்கள். குடிமக்கள்தான் அமைதியைக் கெடுத்தார்கள் என்பது அவர் வாதம். அம்மா, அந்த வாக்கெடுப்புக்குப் பத்தில் நாலு பேர் கூட வரவில்லை. வந்தவர்களில் அரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். ஆனால் போஹாயா என்ற ஊரைப் பாருங்கள். 2002இல் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த ஊர்க்காரர்கள் மேல் கெரில்லாக்களின் எரிவாயு சிலிண்டர் குண்டு விழுந்தது அங்கேதான். அந்த ஊர் 95 சதவீதத்துக்கும் மேலாக 'அமைதி வேண்டும்' என்று வாக்களித்தது! முடிவு வந்த பிறகு, தலைநகர் பொகோட்டாவின் மைய சதுக்கத்தில் மாணவர்களும் போரில் எல்லாம் இழந்தவர்களும் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். திருத்திய ஒப்பந்தம் நவம்பரில் வந்தது. கையெழுத்து கீழே விழுந்தபோது தூக்கி நிறுத்தியது யார் என்று அவரே சொல்லட்டும்.

கண்ணிவெடிக்கு வருகிறேன், சுருக்கமாக. 1992இல் ஆறு தன்னார்வ அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய இயக்கம், ஐந்தே ஆண்டில் ஒட்டாவாவில் தடை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. 160க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா சேரவில்லை. அண்மையில் ரஷ்யாவுக்குப் பயந்து சில ஐரோப்பிய நாடுகள் விலகவும் செய்கின்றன. விலகுவது யார் நண்பர்களே? அரசுகள்! இலங்கை 2017இல்தான் சேர்ந்தது. ஆனால் வன்னி மண்ணில் கண்ணிவெடி அகற்றும் வேலை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்துகொண்டிருந்தது. ராணுவமும் அகற்றியது, மறுக்கவில்லை. கூடவே தொண்டு அமைப்புகளில் வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்ப் பெண்களும், முகத்தில் கவசம் மாட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாக மண்ணைத் தோண்டினார்கள். ஒப்பந்தம் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து பேச வரும் எதிரணித் தலைவருக்கு ஒரு கேள்வி மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன். 1928இல் பாரிஸில் அரசுகள் கூடி, இனிமேல் தகராறு தீர்க்கப் போரைக் கையில் எடுக்கவே மாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டன. முதல் நாளே கையெழுத்திட்டவற்றில் ஜெர்மனி உண்டு, இத்தாலி உண்டு, ஜப்பானும் உண்டு. பேனா இருந்தது, மை இருந்தது, அரசுகள் இருந்தன. அப்புறம் பதினோரு ஆண்டில் என்ன நடந்தது என்பதை அவர் இந்த அவைக்கு விளக்கட்டும்.