தென் தீவுகளுக்குச் சொந்தப் படகில் செல்வோருக்கு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் தென்கடலில் செயிண்ட் ஜான்ஸ், லாசரஸ், குசு, சிஸ்டர்ஸ் ஆகிய தீவுகள் அருகருகே அமைந்துள்ளன. மரினா சவுத் படகுத்துறையிலிருந்து பயணப்படகுகள் புறப்படுகின்றன என்றாலும், சொந்தப் படகிலோ வாடகைப் படகிலோ குடும்பத்தோடு செல்கிறவர்களும் பலர் இருக்கிறார்கள். இன்றைய உரை அவர்களுக்கானது.

விசைப்படகை ஓட்ட உரிமம் வேண்டும் என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் உரிமம் பெற்றவருக்கும் கடலின் ஏற்ற இறக்கம் பழகப் பழகத்தான் பிடிபடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இங்கே நீர்மட்டம் ஏறத்தாழ 3 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. காலையில் படகு தாராளமாக மிதந்த இடத்தில், சில மணி நேரம் கழித்துப் பவளத்திட்டு பழுப்பு நிறத்தில் தலைகாட்டும். நம் கடல் கலங்கலானது; அடியில் இருப்பது மணலா பவளமா என்று மேலிருந்து பார்த்துச் சொல்வது கடினம். ஆகவே கடல் வரைபடத்தைப் பார்த்து, மணல் தரை என்று உறுதியான இடத்தில் மட்டுமே நங்கூரம் இட வேண்டும். நீரோட்டம் திசை மாறும்போது படகும் திரும்புகிறது. அப்போது தரையில் கிடக்கும் சங்கிலி இழுபட்டு, ஆண்டுக்கு ஏதோ ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் பவளத்தை ஒரே பிற்பகலில் நொறுக்கிவிடும். 250க்கும் மேற்பட்ட கடினப் பவள இனங்கள் வாழும் கடல் இது. சிஸ்டர்ஸ் தீவுகளை ஒட்டிய பகுதி 2014ஆம் ஆண்டிலேயே நாட்டின் முதல் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பெருங்கப்பல்களின் வழித்தடத்தைக் கடக்கும்போது குறுக்காக, தயங்காமல் கடந்துவிடுங்கள். கப்பல் போன பிறகும் அதன் அலை வந்து மோதும் என்பதால், பிள்ளைகள் அதுவரை உட்கார்ந்தே இருக்கட்டும். செனாங், பவாய், சூடோங் ஆகிய தீவுகள் இராணுவத் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்கு உரியவை. அந்தப் பக்கமே போகக் கூடாது. தென்மேற்குப் பருவக் காலத்தில் ‘சுமத்ரா’ என்னும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்போ முற்பகலிலோ வீசுகிறது. அதனால் அதிகாலையில் கிளம்புகிறவர்கள் வானிலை அறிக்கையைப் பார்த்த பிறகே கட்டை அவிழ்க்க வேண்டும்.

செயிண்ட் ஜான்ஸ் தீவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1873ஆம் ஆண்டில் காலரா பரவியதைத் தொடர்ந்து, அடுத்த ஆண்டே அங்கே தொற்றுத்தடுப்பு நிலையம் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் முன்னோரில் பலர், ஊருக்குள் கால் வைக்கும் முன் அங்கேதான் தடுத்து வைக்கப்பட்டார்கள். எதிரே தெரிந்த நகரத்துக்குப் போக முடியாமல், நோய் வருமோ, வேலை போகுமோ என்று காத்திருந்த மக்கள் அவர்கள். நினைத்த நேரத்தில் அத்தீவுக்குப் போய்வரும் வசதி பெற்ற நாம், கடற்கரையில் குளித்துச் சாப்பிட்டுத் திரும்புவதோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்கு அந்த மண்ணில் வைத்தே சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். லாசரஸில் இறங்கியவர்கள் இணைப்புப் பாதை வழியாக அங்கே நடந்தே செல்லலாம். நீர் வற்றும் நேரத்தை முன்னதாகக் கணக்கிட்டு, அதற்குள் படகுக்குத் திரும்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.